நீ சுமந்து போன ஒன்பதரைக் கிலோ

லா ஷப்பல் மெத்ரோ ரயில் வாசலில் இன்று மரோன் கொட்டை சுட்டுக்கொண்டிருந்தார்கள். சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிக்குள் தகரம் வைத்து, கரி மூட்டி, கோது வெடித்த கொட்டைகளைக் கடதாசிச் சுருளில் போட்டு நீட்டுகிற அதே வேலை. கருகின கோதின் மணம் மூக்கில் அடித்ததும் நான் படியிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் இடித்து, பிரெஞ்சில் திட்டிவிட்டுப் போனார். திட்டட்டும். நீ போன பிறகு பதினொரு குளிர்காலம் இந்த வாசலால் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு நாளும் இப்படி நின்றதில்லை. போன கிழமை ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் உன்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டார். அன்று தொடக்கம் எனக்குச் சோறும் இறங்கவில்லை, நித்திரையும் இல்லை. யாரிடம் சொல்வது? உன்னிடம்தான் சொல்லவேண்டும்.

போர் முடிந்து நாலாவது குளிர்காலம் அது. ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்தாய். ஊரில் தங்கையைப் பார்க்கப் போகிறாய், விமானம் மாறுவதற்காகப் பாரிசில் ஒன்பது மணித்தியாலம் நிற்கப்போகிறாய் என்றாய். "எடி, நான் வெளியில வாறன். என்னைப் பழைய பாரிசுக்குக் கூட்டிக்கொண்டு போ. கடையும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். அந்த ஒழுங்கையளுக்குள்ள உன்னோட நடக்கவேணும், அவ்வளவுதான்." பள்ளிக்கூடத்தில் சரித்திரப் புத்தகத்தைக் கதைப்புத்தகம் போல வாசித்தவள் நீ. நான் உன் தாளைப் பார்த்து எழுதிப் பாஸ் பண்ணினவள்.

"ஓமடி, ஓமடி" என்றேன். தலைக்குள் ஓடியது வேறு. ஒருவர் ஊருக்குப் போகிறார் என்று காதில் விழுந்தால், சுகம் விசாரிக்க முன்னமே 'எத்தினை கிலோ விடுவாங்கள்' என்று கேட்கிற கூட்டம் நாங்கள். என் அகதிப் பத்திரத்தோடு உலகம் முழுக்கப் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போகக்கூடாது. அம்மாவைப் பார்த்து இருபது வருடம் தாண்டியிருந்தது. போகிற வருகிறவர்களிடம் நான் கொடுத்துவிடுகிற மூட்டுவலிக் களிம்பும் சவர்க்காரமும் சொக்லேட்டும்தான் அம்மாவுக்கு நான். நீ தொலைபேசியை வைத்த கையோடு பை அடுக்கத் தொடங்கினேன்.

விமான நிலையத்தில் நீ வெளியே வந்தபோது மெலிந்திருந்தாய். "என்னடி, டயற்றோ?" என்றேன். "ஓம், ஓம்" என்று சிரித்தாய். பையை உன் சூட்கேசுக்குள் திணித்துவிடலாம் என்பது என் திட்டம். சூட்கேஸ் ரொறன்ரோவிலேயே கொழும்புக்கு ஏற்றியாயிற்று, இங்கே கைக்கு வராது என்று நீ சொன்ன பிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. "அப்ப கையில கொண்டு போவன்" என்றேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன்! நீ பையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "சரி, கொண்டா" என்றாய்.

அதோடு விட்டேனா? கார் து நோர் ரயில் நிலையத்தில் உன்னை இறக்கி, ஃபொபூர் சேன்-தெனி தெரு வழியாக மேலே, லா ஷப்பல் கடைகளுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அம்மாவின் முழங்காலுக்கு இன்னும் இரண்டு எண்ணெய்ப் போத்தல் வாங்கவேண்டும் என்று பிடிவாதம். கடைக்காரத் தம்பி மரக்கறி நிறுக்கிற தராசில் பையைத் தூக்கி வைத்தார். "அக்கா, ஒம்பதரை. இதுக்கு மேல ஒண்டும் போடாதேங்கோ, பிடிப்பாங்கள்." நான் சொக்லேட்டை வெளியே எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக நின்றேன். நீ ஒரு மூலையில் அரிசி மூட்டைமேல் குந்தியிருந்தாய். ஏனென்று கேட்டதற்கு, பிளேனில் நித்திரையில்லை என்றாய். வந்தவளுக்குச் சாப்பாடு கொடுக்காமல் விடுவதா என்று தோசைக்கடைக்குள்ளும் தள்ளினேன். நீ கேட்ட பழைய பாரிசுக்கு மிஞ்சினது மூன்று மணித்தியாலம்.

நோத்ர் தாம் கோயில் இருக்கிற ஆற்றுத் தீவுக்குப் போனோம். மழையுமில்லை, பனியுமில்லை, இரண்டும் சேர்ந்த ஒரு சனியன் முகத்தில் குத்திக்கொண்டிருந்தது. கோயிலடியில் மரோன் வாங்கித் தந்தேன். நீ தின்னவில்லை, சூட்டுக்காகச் சுருளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாய். கோயிலுக்கு வடக்கே கல்லுப் பாவின பழைய ஒழுங்கைகள். அப்போதே இருபது வருடமாக இந்த ஊரில் இருந்தேன், புறநகர் சார்செலிலிருந்து ரயில் ஏறி இந்தத் தீவுக்குக் கீழாலேயே பள்ளிக்கூடக் கன்ரீன் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன், ஒரு நாளும் மேலே ஏறிப் பார்த்ததில்லை. நீதான் எனக்குக் காட்டினாய். ஒரு வீட்டு முற்றத்தில் பழைய கல்லறைக் கற்களைத் தூக்கிவந்து பாவியிருந்தார்கள். பாதி அழிந்த எழுத்துகளைக் குனிந்து பார்த்துவிட்டு, "பாத்தியே, செத்ததுகளுக்கு மேலதான் இதுகள் மரக்கறி வாங்கப் போய் வருதுகள்" என்றாய். "மூதேவி, வாயை மூடு" என்றேன். இருவரும் சிரித்தோம்.

பையின் ஒரு காதை நீயும் மறுகாதை நானும் பிடித்துக்கொண்டு நடந்தோம். உன் பக்கம் பை சரிந்துகொண்டே போனது. "ஒழுங்காப் பிடியடி. கனடாச் சொகுசு உன்னைக் கெடுத்துப்போட்டுது." நான்தான் சொன்னேன், இந்த வாயால். ஒவ்வொரு கதவடியிலும் நின்றாய். மேலே செதுக்கியிருந்த முகங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றாய். உனக்குச் சரித்திரப் பைத்தியம் என்று நினைத்தேன். நீ மூச்சு வாங்கியிருக்கிறாய்.

குளிர் தாங்காமல் ஒரு கபேக்குள் புகுந்தோம். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நீ தொடங்கினாய். "எடி, உனக்கு ஒண்டு சொல்லவேணும். அதுக்குத்தான் வெளியில வந்தனான்." அந்த நேரம் பார்த்து அம்மா எடுத்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன். "பிள்ளை, அவளிட்டைக் குடுத்திட்டியே? களிம்பு வச்சனியே?" என்று என்னைக் கேட்டுவிட்டு, உன்னோடும் கதைத்தார். "பிள்ளை, கவனமா வா மோனை. உன்ர கையைப் பிடிச்சா எனக்கு அவளின்ர கையைப் பிடிச்ச மாதிரி."

நீ தலையைக் குனிந்துகொண்டாய். அம்மா வைத்த பிறகு, பையின் சிப்பை இழுத்துக்கொண்டே கேட்டேன், "என்னடி சொல்ல வந்தனி?"

"ஒண்டுமில்லை. நேரம் போகுது, உதைப் பூட்டு."

இன்னொரு தரம் கேட்டேனா? கேட்கவில்லை. சிப் இறுகிக்கொண்டு நின்றது, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விமான நிலையச் சோதனை வாசலில் பையை உன் தோளில் கொழுவிவிட்டவள் நான். வரிசைக்குப் போய்ச் சேர முதல் மூன்று தரம் நின்றாய், பாஸ்போட்டைத் தேடுகிற மாதிரி. எனக்குக் கன்ரீன் வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, கையைக் காட்டிவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

நாலு நாள் கழித்து அம்மாவோடு நீ நிற்கிற படம் வந்தது. அம்மாவின் கை உன் கைக்குள். அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினேன். வருகிறவர்கள் எல்லாருக்கும் அம்மாவைக் காட்டினேன். நீ எப்படி இருக்கிறாய் என்று அந்தப் படத்தில் நான் பார்க்கவேயில்லை. வசந்தம் தொடங்க உன் தம்பி ரொறன்ரோவிலிருந்து எடுத்து, இதயத் தசை பழுதாம், ஒரு வருடமாக வைத்தியமாம், முடிந்துவிட்டது என்றான். உன் செத்தவீட்டை நான் ஸ்கைப்பில் பார்த்தேன். படம் இடைக்கிடை நின்று நின்று வந்தது.

அதற்குப் பிறகு பதினொரு வருடம் நான் என்னைத் தேற்றி வைத்திருந்த விதம் இதுதான். உனக்கே வருத்தத்தின் கடுமை தெரியாமல் இருந்திருக்கும். தெரிந்திருந்தால் எனக்குச் சொல்லாமல் இருப்பாயா? நாங்கள் என்ன, நேற்றைக்குப் பழகினவர்களா?

போன கிழமை அம்மா என்னவோ கதைத்துக்கொண்டிருந்தவர், இடையில் சொன்னார்: "அவள் பாவம். பையை வாசல்ல வச்சதோட ஏலாமப் போய், என்ர கட்டில்ல ரெண்டு நாள் கிடந்திட்டல்லே எழும்பினவள்."

"ஆரம்மா?"

"உன்ர சிநேகிதிதான். பாரம் தூக்கக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவராம். உனக்குச் சொல்லக்கூடாது எண்டு என்ர கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினவள்." அம்மாவுக்கு வயது தொண்ணூறைத் தொடுகிறது. சத்தியத்தையும் மறந்துவிட்டார். "ஏன் பிள்ளை சொல்லேல்லை எண்டு நானும் கேட்டனான். 'சொன்னா அவள் பையைப் பறிச்சுக்கொண்டு போயிடுவாள் அம்மா. பிறகு உங்களுக்கு ஒண்டும் வந்து சேராது' எண்டவள்."

அம்மா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, உன்மேல் பத்திக்கொண்டு வந்தது. விசரி, ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பையை ஆற்றுக்குள் எறிந்திருப்பேனே! களிம்பு பெரிதா, நீ பெரிதா? இரண்டு நாள் வீட்டிலும் ரயிலிலும் உன்னோடு சண்டை பிடித்துக்கொண்டு திரிந்தேன். மகள் பிரெஞ்சில் என்ன ஆச்சு என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன்.

மூன்றாம் நாள் கன்ரீனில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நிற்கும்போது கை ஓய்ந்துவிட்டது. நீ சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? உண்மையில் என்ன செய்திருப்பேன்? ஐயோ என்றிருப்பேன். கட்டிப்பிடித்து அழுதிருப்பேன், அந்தக் கபேயே திரும்பிப் பார்த்திருக்கும். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, பையைத் திறந்து, சொக்லேட்டையும் சவர்க்காரத்தையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, "களிம்பை மட்டும் கொண்டு போறியே, பாரமில்லை" என்று கேட்டிருப்பேன். என் குரல் எனக்கே கேட்கிறது. அம்மாவிடம் போய்ச் சேர்வதற்கு எனக்கு வேறு வழி இருக்கவில்லை. வழி இல்லாதவள் எதையும் கேட்பாள்.

நான் பையைப் பறித்துவிடுவேன் என்று நீ நம்பினாய். அந்த நம்பிக்கையோடுதான் வாயை மூடிக்கொண்டு போனாய். எனக்கு அது நிச்சயமில்லையடி, இன்றுவரை நிச்சயமில்லை.