என்னையும் சேர்த்துக்கொள்

வைகாசி 2, செவ்வாய்

சரோஜாவின் இங்கிலீஷ் நோட்டில் ஒரே ஒரு வரிக்கு மட்டும் சிவப்பு மை அடிக்கோடு. காலையிலேயே வெயில். தறிப் பாவில் இரண்டு இழை அறுந்தது.

அவள் பக்கத்து வீடு, ஒன்பதாவது படிக்கிறாள். நான் ஏழாவதோடு நின்றவள். அந்த வரி: கவுண்ட் மீ இன். என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். நாலு பேர் ஒரு காரியத்துக்குக் கிளம்பும்போது சொல்வதாம்.

"நாமளாவே சொல்லணும்டி மல்லி. யாராவது கூப்புடுவாங்கன்னு குந்திக்கினு இருக்கிறவங்களுக்கு இது இல்ல."

என்னைச் சொல்கிறாளோ.

புதன்

புழுக்கம். சாம்பார், வேறில்லை.

தெருக்கோடி வீட்டு டீச்சரம்மா, படிப்பை நிறுத்திய பெண்களுக்கு எட்டாவது பரீட்சைக்குச் சொல்லித்தரப் போகிறார். தினமும் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. இலவசம். பெயர் கொடுக்க வேண்டும்.

அப்பாவிடம் கேட்க நினைத்து ஆறு தரம் வாய் திறந்தேன். அவர் புடவையின் உடலுக்கு நூல் சுற்றிய நாடாக் கட்டையை எறிவார், பக்கத்தில் உட்கார்ந்து நான் கரைக்கு. ஒருத்தர் கை நின்றால் தறி நிற்கும். யோசனையில் கரையை உடலோடு கோர்க்காமல் விட்டுவிட்டேன். விரற்கடை நீளம் பிளவு.

"கண்ணு எங்கம்மா கீது?" என்றார். திட்டவில்லை. அந்த இடம் முழுதும் பிரித்தார். அதற்கப்புறம் எப்படிக் கேட்பது?

வெள்ளி

தண்ணீருக்குப் போகிற சாக்கில் டீச்சரம்மா வீட்டு வாசல். உள்ளே ஐந்து பெண்கள். சரோஜாவும் வேடிக்கை பார்க்க.

"வேற யாராவது வர்றீங்களாம்மா?"

நாக்கு நுனி வரை வந்தது.

"மல்லி தண்ணிக்கு வந்துக்கீது டீச்சர். அது வாயத் தொறந்தா காஞ்சிவரத்துல மழ பெய்யும்!" சரோஜாதான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பில் மட்டும் உடனே சேர்ந்துகொண்டேன். தூ.

சனி

இட்லி ஊற்றியபடி அம்மா:

"நேத்து டீச்சரம்மா உங்கப்பாவ வழியில பார்த்து, உன்ன அனுப்பறீங்களான்னு கேட்டாங்களாம். 'அதுக்கு இஷ்டம் இல்லம்மா, இருந்தா கேட்டிருக்குமே'ன்னுட்டாராம். இன்னைக்குச் சாயங்காலத்தோட பேர் எழுதறது முடியுதாம்."

வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் அவர்மேல் கோபப்பட்டிருக்கலாம்.

நாலு மணிச் சங்கு. அப்பாவின் நாடா என் பக்கம் வந்து நின்றது. என்னுடையதை நான் எறியவில்லை. கீழே வைத்துவிட்டு எழுந்தேன், தெருக்கோடி வீட்டுக்கு.