எது வரைக்கும்?

மச்சான்,

இன்று காலை ரமழான் நோன்புக் கலண்டர் அடிக்க ஒருவர் கடைக்கு வந்தார். பிரிண்டர் சூடேறும் வாடை எழுந்தது. உன் நாற்காலியில் உட்கார மனமில்லாமல், நின்றபடியே நீ எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். கறுப்புத் திரையில் உன் பேச்சு அப்படியே வந்து நின்றது: "எப்ப இருந்து?" வந்தவர் சொன்ன முதல் நோன்புத் தேதியை அடித்ததும், "எது வரைக்கும்?"

இரண்டு தேதி கொடுத்தால் இடையிலுள்ள அத்தனை நாளையும் வரிசையாகக் கொட்டிவிடும். அலுவிகாரை ஊர்க் கடைகளுக்கெல்லாம் நாம் கலண்டர் போட்டது அதை வைத்துத்தான். பௌர்ணமி விடுமுறையான போயாவும் தீபாவளியும் என் பொறுப்பு, நோன்பு உன் பொறுப்பு. "வானத்துப் பெற பாத்து எண்ணுற கணக்கு வேற மச்சான். என்னயக் கேக்காம அடிச்சிராத" என்பாய். பெரிய விஞ்ஞானி என்று நான் கிண்டல் செய்வேன்.

இதே மேசையில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆட்டோவில் என் மடியில் கிடந்தாய். ஆஸ்பத்திரி வாசல் வருமுன்பே உன் கை கனத்துவிட்டது.

அடக்கம் முடிந்து மதினி இத்தா இருக்கத் தொடங்கினார். கணவனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் காலம். அந்த நாட்களை அடித்துத் தரும்படி தன் தம்பியிடம் சொல்லி அனுப்பினார். சுவரில் ஒட்டி, தினம் ஒன்றாக வெட்டிக்கொண்டு வருவாராம். "எப்ப இருந்து?" என்றது திரை. நீ மௌத்தான தேதியை அடித்தேன். பாவி, அதையும் வாங்கிக்கொண்டு அடுத்ததைக் கேட்டாய். ஜனவரி, பெப்ரவரி என்றுதான் எனக்கு மாதம் தெரியும். அப்படியே எண்ணிப் போட்டேன்.

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெப்பைதான் பிழையைக் கண்டார். பிறை மாதங்கள் சிறியவை, இத்தா முன்னமே முடிந்துவிடும் என்றார். கூனிக்குறுகிப் போனேன். புதிதாக அடித்துத் தருகிறேன் என்று மதினியின் தம்பிக்குப் போன் எடுத்தேன். பக்கத்திலிருந்து மதினி அவரிடம் சொல்வது கேட்டது.

"ஈக்கட்டும் தம்பி. கூடின நாளயும் அவருக்கே வெச்சிக்கிறேன்."

நோன்புக் கலண்டர்காரரை நாளை வரச் சொல்லிவிட்டேன். பிறைக் கணக்கை லெப்பையிடம் கேட்டுக்கொள்ளலாம், தெரியும். ஆனாலும் பொழுது சாய்ந்த பிறகும் திரையில் நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், எது வரைக்கும் என்று. அதை அணைக்க எனக்குக் கை வரவில்லை.