வெள்ளைக் கல்லுக்கு நீங்கள் சொன்ன வயது

என் அன்பு அப்பா,

நீங்கள் போன பிறகு உங்களோடு சண்டை போட வேண்டி வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

பசுவந்தனைப் பாதையில் கரிசலுக்கு நடுவே வெள்ளையாக நீண்டு கிடக்கிறதே பாறைமேடு, அதிலிருந்து பெரிய கல் ஒன்று எடுத்து உங்களிடம் கொடுத்தேன். ஹைதராபாத்துக்கு உங்கள் லாரியில் தீப்பெட்டி லோடு ஏற்றிப் போகும்போது, கல்லுக்கு வயது பார்க்கும் ஆய்வகத்தில் கொடுக்கச் சொன்னேன். அடுத்த நடை முடிந்து வந்து, "ஏட்டி, இருநூறு கோடி வருசமாம்" என்றீர்கள். அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

போன வாரம் கோவில்பட்டியில் அறிவியல் கண்காட்சி. பாறைமேட்டின் படத்துக்குக் கீழே அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வைத்தேன். பார்வையிட வந்த நிலவியல் பேராசிரியை கேட்டார்: "எந்த வயசும்மா இது? மணலோட வயசா, மணல் படிஞ்ச வயசா, பாறை வெந்த வயசா?"

அவரே விளக்கினார். எங்கிருந்தோ தண்ணீர் அடித்து வந்த மணல் படிந்து கல்லாகி, பூமிக்குள் வெந்து இறுகியதுதான் அந்தப் பாறை. அதற்குள் சிர்கான் என்ற பொடி மணிகள் இருக்கும். மணியின் நடுவில், மணல் முதலில் உதிர்ந்து வந்த தாய்ப்பாறையின் வயது. வேகும்போது வளர்ந்த ஓரத்தில் வெந்த வயது. மணல் படிந்தது இரண்டுக்கும் இடைப்பட்ட காலம். மணல் எந்தப் பக்கத்துப் பாறையிலிருந்து வந்தது என்பதையும் மணிகளின் வயதை வைத்தே தேடலாமாம். ஒரே ஒரு எண்ணோடு எந்த ஆய்வகமும் நிறுத்தாது என்றார்.

லாரிக்கு மாடல் வருஷம் இருப்பதுபோலக் கல்லுக்கும் ஒன்று போதும் என்று நினைத்தீர்களா? கண்காட்சி முடிந்து திரும்பும்போது என் தோழி மாரி பஸ்ஸில், "ஏட்டி, ஒங்கப்பா கல்லுக்கும் ஆர்.சி. புக்கு எடுத்துட்டாவளோ?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "ஆய்வகத்து கேட்டு வாசல்லயே அவியள உள்ள விடலட்டி. ஒன் மொகம் வாடுமேன்னு வாயில வந்ததச் சொல்லிட்டாவ" என்றாள். திரும்பும் வழியில், மேட்டில் நின்ற வண்டிச் சக்கரத்துக்கு அந்தக் கல்லை முட்டுக் கொடுத்து, அங்கேயே விட்டுவிட்டீர்களாம்.

அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியாது. உள்ளே விடவில்லை என்று சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் அழுதிருப்பேன், அவ்வளவுதானே? இனி நீங்கள் சொன்னவற்றில் எதை நம்புவது? ஆஸ்பத்திரியில், "ரெண்டு நாள்ல வீட்டுக்கு வாரேன்" என்றீர்களே. அப்போதும் உங்களுக்குத் தெரிந்துதான் இருந்ததா?

பேராசிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேறு கல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாமாம். வந்ததும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று படிப்பேன். கணிக்க முடியவில்லை என்று வந்தாலும் அதையே படிப்பேன். உங்கள் மனசு கஷ்டப்படுமே என்று ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன் அப்பா.

கோபமாக இருந்தும் உங்களோடு பேசாமல் இருக்க முடியாத மகள்,
செல்வி