மதிலுக்கு வெளியே நின்ற வண்டி

லூபெக், ஜெர்மனி
14.7.2025

அன்பு மகள் சாமியாவுக்கு அத்தாவின் ஸலாம். அல்லாஹ் கிருபையால் இங்கே சுகம். நீயும் அம்மாவும் அங்கே சுகமாயிருக்க என் துஆ.

போனில் ‘நல்லா இருக்கேன்’ என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை, எழுதுங்கள் என்று சண்டை பிடித்தாய். அதனால் தாளில் எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

முதலாளி குடும்பம் கோடை லீவுக்காகக் குவைத்திலிருந்து வந்து இங்கே ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்திருக்கிறது. சினிமாக்காரர்களின் கேரவன் மாதிரி உள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. பால்டிக் கடலோரப் பழைய ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு ஆறு வாரம் போகிறோம். ஓட்டுவது உன் அத்தா. இந்த ஊர் வாசலில் குண்டாக இரண்டு கோபுரங்கள், பூமியில் புதைந்து ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்து நிற்கின்றன. உள்ளே செங்கல் வீடுகள், பாதாம் அரைத்துச் செய்த மிட்டாய்க் கடைகள். சுற்றிச் சுற்றிக் கால் வலி கண்டுவிட்டது.

ஆகஸ்ட் 24 அன்று ஊரில் இருப்பேன். 31ஆம் தேதி உன் நிக்காஹுக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிடுவேன், கவலைப்படாதே.

துஆவுடன்,
அத்தா இக்பால்


அறந்தாங்கி
20.7.2025

அன்புள்ள அத்தா, வஅலைக்குமுஸ்ஸலாம்.

கோழி கிளறியது மாதிரிதான் கையெழுத்து. ஆனாலும் மூன்று தடவை படித்தேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால், “கால் வலிக்கிதாமா? தைலம் எடுத்துக்கிட்டுப் போனாங்களான்னு கேளு” என்கிறார். கோபுரம், மிட்டாய் எதுவும் அம்மா காதில் ஏறவில்லை.

சாதிக்கின் அம்மா கல்யாணப் பத்திரிகை வாங்க வந்திருந்தார். வருங்கால மாமியாரிடம் கொஞ்சம் பெருமையடிக்கலாம் என்று உங்கள் கடிதத்தை வாசித்தேன். வாயைப் பிளந்துவிட்டார்.

உங்கள் அண்ணன், பெரியத்தா, தினமும் என்னை வம்புக்கு இழுக்கிறார். “ஓங்கத்தா வரலைன்னா நாந்தான் தகப்பன் எடத்துல வலீயா நின்னு ஒன்னையக் குடுக்கணும். நான் எதையும் லேசுல குடுக்குறவன் இல்ல பாத்துக்க” என்று சிரிக்கிறார். நானும் சிரித்தேன். ஆனால் அத்தா, நான் பள்ளிக்கூடம் சேர்ந்தது, டிகிரி வாங்கியது எல்லாம் நீங்கள் போட்டோவில் பார்த்ததுதான். அது போகட்டும். நிக்காஹில் என் கையைப் பிடித்துக் கொடுக்க நீங்கள் நேரில் வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

ஒரு ஊருக்குள்ளேயாவது நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். எல்லாப் படத்திலும் வண்டியும் புல்வெளியும்தான் தெரிகிறது.

உங்கள் மகள்,
சாமியா


ரீகா, லாட்வியா
4.8.2025

அன்பு மகள் சாமியாவுக்கு அத்தாவின் ஸலாம்.

போன் கேமரா சரியில்லை, அதுதான் போட்டோ இல்லை. இந்த ஊரைச் சொன்னால் நம்பமாட்டாய். ஒரு வீட்டின் கூரை உச்சியில் கறுப்புப் பூனை ஒன்று முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறது. சிலைதான். தெருவெல்லாம் கல் பாவியிருக்கிறார்கள். நேற்று முழுவதும் அங்கேதான் இருந்தேன்.

முதலாளிக்கு இந்தப் பக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது. குவைத் திரும்புவதை செப்டம்பர் 5க்குத் தள்ளிவிட்டார். கேட்டுப் பார்த்தேன், லீவு கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பதிலாகப் பெரியத்தா நிற்பதற்கு வகாலத்துக் கடிதம் எழுதிக் கொடுத்தால் மார்க்கப்படி செல்லும். நம் ஊரில் எத்தனை பேருக்கு அப்படி நடந்திருக்கிறது. மனதைத் தளரவிடாதே.

துஆவுடன்,
அத்தா இக்பால்


அறந்தாங்கி
8.8.2025

அத்தா,

பெரியத்தா இப்போது கிண்டல் செய்வதை விட்டுவிட்டார்.

சாதிக் வீட்டில் சொன்னோம். அவர் அம்மா கூடத்தில் உட்கார்ந்து நாலு பேர் முன்னால் கேட்டார்: “பூனையப் பாக்க நேரமிருக்கு, மக நிக்காஹுக்கு வர நேரமில்லையாமா? எங்க வீட்டுச் சம்பந்தம்னா அவ்வளவு எளக்காரமா?” பூனையை அவருக்கு வாசித்துக் காட்டியவள் நான்தான். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். முதலாளியிடம் உண்மையிலேயே கேட்டீர்களா?

சாமியா


தாலின், எஸ்டோனியா
15.8.2025

சாமியா கண்ணு,

ஒரு வாரமாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

கேட்கவில்லை. வாய் வரவில்லை. உனக்கு இரண்டு வயதில் குவைத் வந்தவன், இத்தனை வருடத்தில் அவர் கொடுத்ததை வாங்கியிருக்கிறேனே தவிர, வாய்விட்டு எதையும் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மே மாதத்திலேயே அவர், “கோடையில் ஊருக்குப் போகிறாயா, எங்களோடு வருகிறாயா?” என்று கேட்டார். வருகிறேன் என்றது நான்தான். வீடு, பள்ளிக்கூடம், சூப்பர் மார்க்கெட் என்று ஓட்டி ஓட்டிச் சலித்துப்போயிருந்தேன். ஒரு தடவை எதையாவது பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டேன்.

பார்த்ததும் ஒன்றுமில்லை. இவ்வளவு பெரிய வண்டியைப் பழைய ஊர்களுக்குள் விடமாட்டார்கள். மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நான் காவல் இருப்பேன். அவர்கள் பஸ்ஸோ டிராமோ ஏறி உள்ளே போவார்கள். நான் தண்ணீர் பிடித்து, கக்கூஸ் தொட்டியைக் கழற்றிக் கொட்டிக் கழுவி, முன் சீட்டில் படுத்துக்கொள்வேன். உனக்கு எழுதியதெல்லாம் முதலாளியின் பிள்ளைகள் வந்து பேசிக்கொண்டது. மிட்டாயில் ஒரு துண்டு கொடுத்தார்கள், அது உண்மை. இங்கேயும் திருமயம் கோட்டையை நாலு மடங்கு நீட்டிவைத்த மாதிரி ஒரு மதில் எதிரே தெரிகிறது. ஐந்து நாளாக வெளிப்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாடு போன சபுராளி நல்லதைத்தான் வீட்டுக்கு எழுதவேண்டும் என்று பழகிவிட்டேன். அது உன்னை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கும் என்று தெரியாமல் போனது. வெட்கமாக இருக்கிறது.

வகாலத்துக் கடிதத்தைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். அவசரத்துக்குப் பெரியத்தாவிடம் இருக்கட்டும்.

அத்தா


தாலின்
25.8.2025

சாமியா கண்ணு,

நீ படித்துவிட்டாய் என்று நீலக் குறி காட்டியது. பத்து நாளாகப் பதில் இல்லை. போனையும் நீ எடுக்கவில்லை, அம்மாவும் எடுக்கவில்லை.

இன்று காலை முதலாளியிடம் கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “மகளுக்குக் கல்யாணமா? இதை முதல் நாளே சொல்லக்கூடாதா, இக்பால்?” என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் பாஸ்போர்ட்டைத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து டிக்கெட்டும் போட்டுவிட்டார்.

28 கிளம்பி 29 மதியம் திருச்சி. 31க்கு இரண்டு நாள் இருக்கிறது. பெரியத்தாவிடம் சொல், வகாலத்து வேண்டாம். நானே வந்து என் மகளைக் கொடுக்கிறேன்.

அத்தா


அறந்தாங்கி
27.8.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு எனக்கு நிக்காஹ் முடிந்தது.

சாதிக் வீட்டுப் பெரியவர்கள் சம்பந்தத்தை முறிப்பதுவரை பேசிவிட்டார்கள். தகப்பன் இல்லாத நிக்காஹுக்கு மண்டபம் எதற்கு, கல்யாணம் வைக்காத ஸஃபர் மாதம் முடிந்ததும் பள்ளிவாசலில் சுருக்கமாக முடிப்போம் என்று பெரியத்தாதான் பேசிச் சரிக்கட்டினார். வலீமா விருந்து மட்டும் 31 அன்று மண்டபத்தில். உங்கள் பதினைந்தாம் தேதிக் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. அம்மாவுக்கு மட்டும் வாசித்தேன். தொட்டி கழுவியதைக் கேட்டு அழுதுவிட்டு, “வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சொல்லுவாங்க. இவுகளுக்கு வாயே இல்லாமப் போச்சே” என்றார்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் உங்கள் வகாலத்துக் கடிதத்தைச் சபையில் வாசித்தார். உங்கள் கடிதங்களில் அது மட்டும் நாலே வரி.

நீங்கள் டிக்கெட் கிடைத்தது என்று எழுதியது வந்தபோது என் கையில் மருதாணி காயவில்லை. படித்தேன். மூன்று நாள் பொறுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் பெரியத்தா போய்ப் பேசியிருப்பார். நான் சொல்லவில்லை. வருகிறேன் என்று நீங்கள் எழுதியதை என்னால் நம்ப முடியவில்லை, அத்தா. கோபமும் இருந்தது. இன்றும் இருக்கிறது.

29ஆம் தேதி திருச்சிக்குப் பெரியத்தா கார் எடுத்துக்கொண்டு வருவார். வலீமாவுக்கு இருங்கள். உங்களை யாரும் ஒரு சொல் சொல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். நான் சாதிக் வீட்டில் இருப்பேன்.

மஸ்கட் மாப்பிள்ளையை நீங்கள் சொன்னபோது வேண்டாம் என்று அடம்பிடித்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பேப்பர் கடை வைத்திருக்கும் சாதிக்கை ஏன் கேட்டேன் என்று நீங்கள் கோபப்பட்டீர்கள். அப்போது பதில் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அவர் மத்தியானம் கடையைப் பூட்டிக்கொண்டு சாப்பிட வீட்டுக்கு வருகிறார், அத்தா. தினமும் வருகிறார்.

சாமியா