குறை சொல்லாத இரண்டு மாதம்

பாலக்கரை,
திருச்சி.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் சம்ரீனும் மாமியும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். மாமிக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. நேற்று அவர்களே மாடியேறி வடகம் காயப்போட்டார்கள்.

போனில் பேசினால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் ஷார்ஜா திரும்பும் ஷரீபா அக்காவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் ஃபேஸ்புக்கைத் தினமும் பார்க்கிறேன். எட்டு வருஷமாக நீங்கள் போட்டதெல்லாம் குறைதான். குப்பூஸ் ரொட்டி கல் மாதிரி இருக்கிறது, சூப்பர்வைசர் சிடுமூஞ்சி, வெல்டிங் ஷெட்டில் ஃபேன் ஓடவில்லை. "இவன் பிறந்ததே குறை சொல்லத்தான்" என்று மாமியே சொல்வார்கள். இந்த இரண்டு மாதமாக ஒரு குறையும் காணோம். கடற்கரைப் படம், புறாப் படம், கீழே "அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் நலம்". அதுவும் வேலை நேரத்தில், செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு! நன்றாக இருக்கும்போது அதை எழுதுகிற ஆளா நீங்கள்?

உங்களோடு தங்கியிருக்கும் முஜிபுர் ரஹ்மான் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஒன்றுமில்லைம்மா என்றார். கம்பெனியை மூடிவிட்டார்களா என்று நேராகவே கேட்டேன். "ஆமா தங்கச்சி, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். சொல்லிவிட்டேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சுடிதார் கடையில் மூன்று மாதமாக வேலை பார்க்கிறேன். துணியைப் பிரித்துக் காட்டி அவர்கள் ஃபேஸ்புக் லைவ் வீடியோவில் பேசுவது நான்தான். முகம் தெரியாது, கையும் குரலும்தான். முதல் நாள் விலையையே மாற்றிச் சொன்னேன். இப்போது நான் பேசினால்தான் சரக்கு நகர்கிறது என்கிறார் முதலாளியம்மா. மாமிக்கும் தெரியும். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று சொல்லாமல் இருந்தோம்.

போன வாரம் அந்த வீடியோவுக்கு நீங்கள் ஹார்ட் போட்டிருந்தீர்கள். சுடிதார் கடையில் உங்களுக்கு என்ன வேலை மச்சான்? என் குரல் தெரிந்துதான் போட்டீர்கள். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் உங்கள் கதையையும் சொல்ல வேண்டி வரும் என்றுதானே?

துவாக்குடிப் பக்கம் தொழிற்சாலைகளில் நல்ல வெல்டரைத் தேடுகிறார்களாம். உடனே கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, வீடு ஓடும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, ஓட்டிக்கொண்டிருப்பதால் சொல்கிறேன். வேறு வேலை கிடைத்த பிறகுதான் ஊர்ப்பக்கம் முகம் காட்டுவேன் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். டிக்கெட் போடுங்கள்.

அத்தா லீவில் வருகிறார் என்று சம்ரீனிடம் சொல்லிவிட்டேன். எத்தனை நாள் லீவு என்று கேட்டாள். இந்தத் தடவை விரல் விட்டு எண்ண வேண்டாம் என்றேன்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக.

உங்கள்
ஹஃப்ஸா