வடிகட்டிய எண்ணெய்

நெட்டைக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ தலைமை அலுவலகத்துக்குப் போன நாளிலிருந்து உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எனக்கு வரவேண்டிய நாற்காலி அது. போகும்போது எல்லார் முன்னாலும், "நீ சோதனைக்கூடத்துலயே கெட மூக்கா, எண்ணெய்தான் உன் பேச்சைக் கேக்கும்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மறக்கவில்லை. இது சமாதானக் கடிதமும் அல்ல.

எங்கள் துணைமின் நிலையத்தின் பெரிய டிரான்ஸ்பார்மரிலிருந்து சோதனைக்கு வந்த எண்ணெயில் அசிட்டிலீன் ஏறிக்கொண்டே போனது. உள்ளே எங்கோ மின்பொறி பறக்காமல் அந்த வாயு பிறக்காது. உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, என் மாப்பிள்ளைக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. தங்கையின் கணவர்தான் இப்போது நிலையப் பொறியாளர். போன வருடம் அந்த டிரான்ஸ்பார்மரைப் பிரித்துச் சரிசெய்து, எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தவரும் அவரே. மறுபடி பிரித்தால் அவர் வண்டவாளம் வெளியே வரும்.

ஆகவே பிரிக்கவில்லை. வடிகட்டும் எந்திரத்தைக் கொண்டுவந்து எண்ணெயை ஓடவிட்டார். "இப்ப எடுத்துப் பாருங்க மச்சான், பச்சத்தண்ணி மாதிரி இருக்கும்" என்றார். இருக்காதா? அந்த எந்திரம் வாயுவையெல்லாம் உறிஞ்சிவிடும், பழுதைத் தொடாது. காய்ச்சல்காரனைக் குளிப்பாட்டிவிட்டு, உடம்பு சில்லென்றிருக்கிறது என்று சொல்வது போல. அந்தச் சுத்தமான சோதனை முடிவு மட்டும் தலைமை அலுவலகத்தில் உங்களுக்கு வந்தது.

அதன்பிறகு யாருக்கும் சொல்லாமல் நானே எண்ணெய் எடுத்துப் பார்த்தேன். அசிட்டிலீன் திரும்ப வந்துவிட்டது, முன்பைவிட வேகமாக. மாப்பிள்ளையிடம் சொன்னேன். "வெயில் காலம் போகட்டும் மச்சான். இப்ப நிறுத்தினா பாதி ஊரு இருட்டுல, நான் நடுத்தெருவுல" என்றார்.

நான் தங்கை வீட்டு மாடி அறையில் இருப்பது உனக்குத் தெரிந்திருக்காது. படி அவர்கள் கூடத்துக்குள்தான் இறங்குகிறது; அவர் நாற்காலியைத் தாண்டாமல் நான் தெருவுக்குப் போக முடியாது. சாப்பிடும்போது பேச்செடுத்தேன். "ஆபீஸ ஆபீஸோட விட்டுட்டு வாங்கண்ணா, அவருக்கு இப்பவே தூக்கமில்ல" என்று சொல்லித் தங்கை இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். என் வாயை அடைக்க அவளுக்கு அது போதும்.

கட்டுப்பாட்டு அறைக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஷிப்டு ஆட்கள் அதில் சாய்ந்துகொண்டுதான் சாப்பிடுகிறார்கள். தள்ளி உட்காரச் சொன்னேன். "ஏன் சார், செவுரு கடிக்குமா?" என்று கேட்டார்கள். டிரான்ஸ்பார்மர் வெடித்தால் அந்தச் சுவர் நிற்காது.

கையெழுத்துப் போட்டால் இது புகார். நீ கோப்பில் ஏற்றியாக வேண்டும்; மாப்பிள்ளைக்கு வேலை போகும், தங்கை முகத்தில் நான் விழிக்க முடியாது. போடாவிட்டால் மொட்டைக் கடிதாசி. அலுவலக வழக்கப்படி குப்பைக்கூடைக்குத்தான் போகும். எனக்கு இருக்கும் ஒரே சந்து, நீ. விடுதியில் என் குறிப்புகளைப் பார்த்தெழுதியே தேறியவனுக்கு இந்த எழுத்து யாருடையது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். தெரியாதவன் போல, வழக்கமான ஆய்வு என்று சொல்லிக்கொண்டு வா. முதலில் டிரான்ஸ்பார்மரை நிறுத்து. பிறகு உன் ஆள் கையாலேயே எண்ணெய் எடுக்கச் சொல். என்னைப் பார்த்தால் பேசாதே. அது உனக்குப் பழக்கம்தான்.

நீயும் உன் பிள்ளைகளும் நன்றாயிருக்க வேண்டும். அந்தச் சுவரில் சாய்ந்து சாப்பிடுகிறவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். சீக்கிரம் வா.

கீழே நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. மாப்பிள்ளை குளிக்கப் போகிறார். அவர் திரும்புவதற்குள் இறங்கிப் போய், கையெழுத்தில்லாமலே இதைத் தபால்பெட்டியில் போட்டுவிடுகிறேன்.