பசி, பதி, படி

ஜூன் 14

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நலமில்லை. பாப்பாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.

போன வாரம் அவளுடைய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்கள். “கூப்பிட்டா திரும்பறதில்லைங்க. டிக்டேஷன்ல ‘பசி’ன்னு சொன்னா ‘பதி’ன்னு எழுதறா. அடம் பிடிக்கிறாளோன்னு நெனச்சேன், இல்லன்னு இப்பத்தான் புரியுது” என்றார்கள். காது டாக்டரிடம் காட்டினேன். தடித்த சத்தமெல்லாம் கேட்கிறதாம். ‘ச’, ‘ஸ்’ போன்ற மெல்லிய கூர்மையான சத்தங்கள்தான் விழுவதில்லை. காதில் மாட்ட ஒரு மெஷின் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் மாட்டிக்கொள்கிறாள். பள்ளி வாசலில் கழற்றிப் பென்சில் டப்பாவுக்குள் போட்டுவிடுகிறாள். நான் கடையில் தினமும் எத்தனையோ குழந்தைகளுக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிறேன். கண்ணாடி போட்டால் “அழகா இருக்கே” என்கிறார்கள். காதில் மாட்டினால் “உனக்கு என்ன ஆச்சு?” என்கிறார்கள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரையாண்டுப் பரீட்சை வரை பார்க்கலாம், முடியாவிட்டால் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அது விடுதிப் பள்ளி. எட்டு வயதுப் பெண்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பிரிந்திருந்தும் நாம் போனில் போடும் சண்டை மட்டும் அவளுக்கு அடுத்த அறையில் இருந்தாலும் நன்றாகக் கேட்கிறது.

உங்களிடம் எதையும் கேட்கவில்லை. தெரியப்படுத்த வேண்டியது என் கடமை.

பாப்பாவின் அம்மா

ஜூன் 19

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

உன் கடிதத்தை வேலை செய்யும் இடத்தில், மொட்டை மாடி லிஃப்ட் அறையில் நின்றபடி படித்தேன். கீழே ஆள் காத்திருக்கிறார்கள் என்று வாட்ச்மேன் கத்தும்வரை நகர முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். நான் வீட்டில் செய்துகொண்டிருந்த ஸ்பீக்கர்களாலா? அவள் தொட்டிலில் கிடந்தபோது அடுத்த அறையில்தானே மணிக்கணக்காகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்? “குறைங்க, குழந்தை தூங்குது” என்று நீ சொல்வாய். நான் கொஞ்சம் குறைப்பேன். போதுமான அளவு குறைத்தேனா என்று இப்போது நினைவில்லை. டாக்டரிடம் கேட்டாயா?

இன்னொன்று. அவள் எந்த பெஞ்சில் உட்காருகிறாள்? வகுப்பு எவ்வளவு நீளம், அகலம்? கூரை ஓடா, கான்கிரீட்டா? டீச்சர் எங்கே நின்று பேசுவார்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், மெல்லிய சத்தம் நேராகத்தான் ஓடும். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அது பலகையிலேயே மோதி நின்றுவிடும். சாதாரண ஸ்பீக்கர் வைத்தாலும் எதிரே இருப்பவருக்குக் கேட்கும், ஓரத்தில் இருப்பவருக்கு முணுமுணுப்புதான். ஆனால் கூர்மையான சத்தம் தரும் குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு முன்னால் சரியான வளைவில் ஒரு வாய் வைத்தால், அதை வேவ்கைடு என்பார்கள், சத்தத்தை நாம் சொல்லும் பக்கம் விரிக்கலாம். டார்ச் லைட்டின் கிண்ணம் வெளிச்சத்துக்குச் செய்வதைத்தான் இது சத்தத்துக்குச் செய்கிறது. மேலே கூரைக்குப் போகாமல், பக்கவாட்டில் கடைசி பெஞ்சு வரை. அப்படி இரண்டு பெட்டிகளைக் கூரையில் தொங்கவிட்டு, டீச்சர் கழுத்தருகே ஒரு சின்ன மைக் மாட்டிக்கொண்டால் போதும். எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும். யாருக்காக வைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

என்னால் செய்ய முடியும். முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

பாப்பா அப்பா

ஜூன் 27

பாப்பாவின் அப்பாவுக்கு,

மறுபடியும் ஸ்பீக்கர். எந்தக் கேள்வி கேட்டாலும் உங்களிடம் அது ஒன்றுதான் பதில் என்று முதலில் கோபம்தான் வந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து டீச்சரிடம் சொன்னேன். “வெச்சுப் பார்க்கலாமே, எனக்கும் தொண்டை கட்டாம இருக்கும்” என்று சிரித்தார்கள். தலைமையாசிரியர் “பார்க்கலாம்” என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அதையேதான் சொல்வார்.

அளவெல்லாம் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கான்கிரீட் கூரை. பாப்பா ஜன்னல் பக்கம், கடைசிக்கு முந்தைய பெஞ்சு. முன்னால் மாற்றச் சொன்னதற்கு “எதுக்குன்னு எல்லாரும் கேப்பாங்க” என்று அழுதாள்.

எனக்கு இரண்டு பயம். பிள்ளைகளின் தலைக்கு மேலே மரப்பெட்டியைத் தொங்கவிடப் போகிறீர்கள். விழுந்தால்? இரண்டாவது, நீங்கள் ஆரம்பித்ததில் பாதியை முடித்ததில்லை. நம் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டிகளைப் பெருக்கிப் பெருக்கி எனக்கு முதுகு போனது. பாப்பாவிடம் ஆசையைக் காட்டிவிட்டு நடுவில் விடாதீர்கள். முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அவள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். மாட்ட வரும்போது நீங்கள் அவளுடைய அப்பா என்று வகுப்பில் யாருக்கும் தெரியக்கூடாதாம். மனம் நோகாதீர்கள். குழந்தை.

பாப்பாவின் அம்மா

ஜூலை 21

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குத் திட்டு. நடுவில் விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பாய். விடவில்லை, ஆனால் சரியாக வரவும் இல்லை.

அந்த வேவ்கைடு வாய்க்காக ஒட்டுப்பலகையை முட்டை வடிவ வளையங்களாக அறுத்து, சின்னதிலிருந்து பெரியதாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுகிறேன். உள்பக்கம் படிக்கட்டு மாதிரி இருக்கும். அந்தப் படிகளை அரத்தால் தேய்த்து, பள்ளங்களை அடைக்க மக்கு பூசி, உப்புத்தாளால் இழைத்து ஒரே வளைவாக்க வேண்டும். முதல் ஜோடி அழகாக வந்தது, சத்தம் அழகாக வரவில்லை. ட்வீட்டர் உட்காரும் தொண்டையில் நகக்கண் அளவு மேடு. அது போதும், ‘ச’ எல்லாம் சீறல் ஆகிவிட்டது. இரண்டாவது ஜோடி மழைக்காற்றில் பசை காயாமல் வாய் பிளந்துகொண்டது. இப்போது மூன்றாவது.

‘பசி, பதி, படி, பனி’ என்று என் குரலிலேயே பதிவு செய்து, ஓரத்தில் ஸ்டூல் போட்டு எங்கள் கட்டட வாட்ச்மேனை உட்காரவைத்துக் கேட்டதை எழுதச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ‘பசி’ என்று எழுதியிருந்தார். நான் நொந்துபோனேன். “இல்ல தம்பி, இன்னும் சாப்பிடல, எனக்கு அப்படித்தான் கேக்குது” என்றார். சாப்பிட்டு வரச்சொல்லி மறுபடி வைத்தேன். ‘பதி’யையும் ‘படி’யையும் சரியாக எழுதினார். ‘பசி’ மட்டும் பாதி நேரம் தவறுகிறது. அவருக்கும் வயதாகிறது. தப்பு அவர் காதிலா என் வளைவிலா என்று தெரியவில்லை. நானே போய் அந்த ஸ்டூலில் உட்கார்கிறேன். எனக்கு எல்லாம் கேட்கிறது. ஆனால் என்ன வார்த்தை வரப்போகிறது என்று எனக்கு முன்பே தெரியுமே. என் காதை நம்ப எனக்குத் தைரியமில்லை. பாப்பாவுக்கு எப்படிக் கேட்கும் என்று எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை, அதுதான் உறுத்துகிறது.

விழுமா என்று கேட்டாயே. நான் லிஃப்ட் மெக்கானிக். தொங்குவது விழாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. ஒரு கொக்கி, அது போனால் ஒரு கம்பிக் கயிறு, அதுவும் போனால் இன்னொன்று.

நிபந்தனை சரி என்று பாப்பாவிடம் சொல்.

என் ஸ்பீக்கராலா என்று கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. தெரிந்தால் தாங்கமாட்டேன் என்று நினைக்கிறாயா? தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை. உப்புத்தாள் தேய்க்கும்போதெல்லாம் அதே நினைப்பு.

பாப்பா அப்பா

ஆகஸ்ட் 2

பாப்பாவின் அப்பாவுக்கு,

டாக்டரிடம் கேட்டேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே கேட்டேன். அப்புறம் இன்னொரு டாக்டரிடமும் கேட்டேன். பிறந்தபோதே இருந்திருக்கலாம். இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் போயிருக்கலாம். சத்தத்தாலும் இருக்கலாம், ஆனால் மூடிய கதவுக்கு அப்பால் போட்டதால் இருக்காது என்றுதான் தோன்றுகிறது என்கிறார்கள். உறுதியாக யாராலும் சொல்ல முடியாதாம்.

உங்களால்தான் என்று சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்து மனம் ஆறியிருப்பேன். அந்தக் காய்ச்சலில் ஒரு நாள் தாமதமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது நான். அதனால்தான் உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. உங்களைக் கேட்கப் போனால் என்னையும் கேட்க வேண்டியிருக்கிறது. இனி யாரையும் கேட்பதாயில்லை. நீங்களும் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது ஜோடி என்ன ஆயிற்று? போன வாரம் பாப்பாவுக்கு டிக்டேஷனில் பாதிக்கு மேல் தப்பு. தலைமையாசிரியர் அந்த விடுதிப் பள்ளியின் முகவரியை எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். சீக்கிரம் முடியுங்கள். தூசியில் மூக்கைக் கட்டிக்கொள்ளாமல் தேய்ப்பீர்கள் என்று தெரியும். கட்டிக்கொள்ளுங்கள்.

பாப்பாவின் அம்மா

ஆகஸ்ட் 24

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நேற்று நீ கடையிலிருந்து வருவதற்குள் எனக்கு பஸ். நடந்ததை எழுதுகிறேன்.

மூன்றாவது ஜோடியை மதிய இடைவேளையில் மாட்டி முடித்தேன். கொக்கியில் என் முழு எடையையும் போட்டுத் தொங்கிக் காட்டினேன். டீச்சர் “ஐயையோ, எறங்குங்க” என்றார்கள். பிறகு பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். நான் ஓரமாக ஏணியைப் பிடித்தபடி நின்றேன். ஜன்னல் பக்கம் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு வளர்ந்துவிட்டாள்! முடியை நீ கத்தரித்துவிட்டதை ஏன் எழுதவில்லை?

டீச்சர் மைக்கை மாட்டிக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று, சாதாரணக் குரலில் வார்த்தைகள் சொன்னார்கள். ‘பசி’ வந்தது. எல்லாத் தலையும் குனிந்து எழுதியது. நான் பார்த்துவிட்டேன், மன்னித்துக்கொள். அவளும் குனிந்து எழுதினாள். முன்னால் இருப்பவன் நோட்டை எட்டிப் பார்க்கவில்லை. என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் “டீச்சர், இன்னைக்குத்தான் நீங்க பேசறது புரியுது” என்றான். வகுப்பே சிரித்தது. அவன் காதில் ஒரு குறையும் இல்லையாம்.

சாமான்களை மூட்டை கட்டும்போது தண்ணீர் பாட்டிலோடு என் பக்கமாகப் போனாள். நின்றாள். “அங்கிள், உங்க டேப்பு கீழ கெடக்கு” என்றாள். நான் “தேங்க்ஸ்ம்மா” என்றேன். பேச்சுப்படி நடந்துகொண்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது நல்லதாயிற்று. முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

என்ன எழுதியிருந்தாள்? உடனே எழுது.

பாப்பா அப்பா

செப்டம்பர் 17

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

‘பசி’ என்றுதான் எழுதியிருந்தாள். அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தப்பு. அடுத்த இரண்டு வாரமும் அப்படியே நன்றாகப் போனது. நிம்மதியாக உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்த அன்று டீச்சர் ஆள் அனுப்பினார்கள். ஸ்பீக்கர் நின்றுவிட்டது. அதுவும் தலைமையாசிரியர் வந்து உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்ன டிக்டேஷன் அன்று. பாப்பா எதுவும் எழுதாமல் வெறும் தாளைக் கொடுத்திருக்கிறாள்.

உங்கள் மேல் ஆத்திரம்தான் வந்தது, பாதியில் நிற்பதுதானே உங்கள் வழக்கம் என்று. டீச்சர் பெட்டிக்குப் பின்னால் கைகாட்டினார்கள். ஒயர் அறுந்திருக்கவில்லை. திருகைத் தளர்த்தி யாரோ உருவியிருக்கிறார்கள். பெஞ்சின்மேல் பெஞ்சு போட்டு ஏறியிருக்கிறார்கள். இரண்டு பெஞ்சு! விழுந்திருந்தால்? யார் என்று கேட்டதற்கு ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். என் கடையில் கண்ணாடிக்குத் திருகு மாட்டுகிற குட்டி ஸ்க்ரூடிரைவர் உள்ளே இருந்தது.

“ஏண்டி இப்படிப் பண்ணே? உனக்காகத்தானே வெச்சது?”

மெஷினை மாட்டிவிட்டு மறுபடி கேட்டேன்.

“கேக்குதும்மா. நீ மொதல்ல சொன்னதே மெஷின் இல்லாமயே கேட்டுச்சு.”

“அப்ப சொல்லு.”

“நல்லா ஓடினா அப்பா எதுக்கு வருவாங்க? ரிப்பேர் ஆனாதானே வருவாங்க.”

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். “அப்பாவுக்கு லெட்டர் எழுதுவியா மாட்டியா?” என்று அவள் நச்சரித்தபடி இருந்தாள்.

டீச்சரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர்கள் தலைமையாசிரியரிடம் பேசி, திங்கட்கிழமை மறுபடி எழுத வைக்கிறார்கள். “நான் இந்த வகுப்புல இருக்கற வரைக்கும் இவளும் இங்கதான் இருப்பா, நீங்க பயப்படாதீங்க” என்றார்கள். தலைமையாசிரியர் “பார்க்கலாம்” என்கிறார். பயம் இருக்கத்தான் செய்கிறது.

ஒயரை நானே மாட்டிவிட்டேன். ஏணி ஆடியது, டீச்சர் பிடித்துக்கொண்டார்கள். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. நன்றாகப் பேசுகிறது.

ஆகவே ரிப்பேர் எதுவும் இல்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு வாருங்கள். கருவிப் பையை எடுத்து வர வேண்டாம், மாற்றுத் துணி எடுத்து வாருங்கள். நானும் அன்று கடைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். எத்தனை நாள் என்பதை நேரில் பேசிக்கொள்வோம். சத்தம் போடாமல் பேச முடிகிறதா என்று பார்ப்போம்.

பாப்பா அம்மா